எது பொருந்தாத காதல்?

"பொருந்தாத காதல்" என்ற சொல் நம் நாட்டுத் தினசரிகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஊரைவிட்டுப் போனால் பொருந்தாத காதல். தண்டவாளத்தில் ஒரு பிணம் கிடந்தால் பொருந்தாத காதல். பெற்ற தகப்பனே மகளைக் கொன்றுவிட்டுப் போலீசில் போய் நின்றால், அங்கேயும் காரணம் பொருந்தாத காதல்தான். இந்தச் சொல்லை அச்சுக் கோக்கிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. எதற்குப் பொருந்தவில்லை? யாருக்குப் பொருந்தவில்லை? அந்த இருவருக்கும் பொருந்திவிட்டது. அதனால்தான் அவர்கள் காதலித்தார்கள். பிறகு அளந்து பார்த்தவன் யார்? அவன் கையிலிருந்த படி எது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு சம்பவம் நம்மிடம் இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஓர் ஊமைப் படத்துக்கு நேர்ந்த கதி அது. சினிமாக் கதையை எழுதுவதற்கு இது நேரமா என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். கூலிப் பிரச்னை கழுத்தை நெரிக்கிறபோது சினிமா எதற்கு என்று கேட்கலாம். படித்து முடித்துவிட்டுச் சொல்லட்டும்.

கொட்டகையில் நுழைந்த கூட்டம்

பழைய கோவை ஜில்லாக்காரர்களான நமக்கு ஊமைப் படம் அந்நியச் சரக்கல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்த ஹாலின் பெயரை அந்த வீதி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கூடாரங்கள் சாதாரணமானவை அல்ல. கோயிலுக்குள் போக முடியாதவன், அக்கிரகாரத்து வீதியில் செருப்பணிந்து நடக்க முடியாதவன், டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவு அங்கேயும் இருந்தது. ஆனால் அது காசு செய்த பிரிவு. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். முதலாளித்துவம் தன் லாபத்துக்காகத் திறந்த கதவு அது. திறந்த கதவு திறந்த கதவுதான்.

ஆனால் திரையில் என்ன காட்டினார்கள்? புராணம் போக மீதியில், அழுகைக் காதல். அதிலும், சேரக் கூடாத இருவர் சேர நினைத்து அழிவதுதான் பெரிய வியாபாரம். 1928-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட 'தேவதாஸ்' நாவலை நரேஷ் மித்ரா அந்த ஆண்டில்தான் ஊமைப் படமாக்கினார். ஜமீன் வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்தஸ்து குறைந்த குடும்பம் என்று பெரியவர்கள் மறுக்கிறார்கள். எதிர்த்து நிற்கத் துணிவில்லாத பிள்ளை குடித்தே சாகிறான். அதே 1928-இல் அனார்கலி கதை இரண்டு கம்பெனிகளால் படமாக்கப்பட்டது. சக்கரவர்த்தியின் மகன் அரண்மனைப் பணிப்பெண்ணைக் காதலித்தான் என்பதும், அந்தப் பெண்ணைச் சுவரில் வைத்துக் கட்டினார்கள் என்பதும் நாடறிந்த கதை.

இந்தப் படங்களைப் பார்த்து ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். ஜமீன்தாரும் கண்ணீர் விட்டார். ஏன் விடமாட்டார்? தேவதாஸ் அழுதான், குடித்தான், செத்தான், ஜமீன் பிழைத்தது. அனார்கலி சுவருக்குள் போனாள், சிம்மாசனம் அசையவில்லை. காதல் தோற்கும் வரையில் அது அழகானது. செத்துப்போன காதலுக்கு மாலை போடுவதில் மேல்தட்டுக்கு ஒரு நாளும் கஷ்டம் இருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நாளில் "குலப் பெண்கள்" சினிமாவில் நடிக்க வருவதில்லை. இரண்டு அனார்கலிகளில் ஒருவராக நடித்த சுலோசனா ஒரு யூதப் பெண். சினிமாவுக்கு வருமுன் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். மற்றவரான சீதாதேவி ஆங்கிலோ இந்தியப் பெண். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். வேஷம் வேறு, ஆள் வேறு என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நடிப்பது யாராயிருந்தால் என்ன என்ற பெருந்தன்மை நிறையவே இருந்தது. அந்தப் பெருந்தன்மை எந்த இடத்தில் வற்றிப்போயிற்று என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

தொலைந்துபோன குமாரன்

ஜே.சி. டானியல் 1900-இல் பிறந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். அந்நாளில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தொழில் பல் வைத்தியம். வாள் வித்தையில் மோகம். அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். சினிமாப் பித்து பிடித்து, சொந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் 'டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். கதை, காமிரா, டைரக்ஷன், கதாநாயகன் எல்லாம் அவரே. 'விகதகுமாரன்' என்று பெயர் வைத்தார். தொலைந்துபோன மகன் என்று பொருள். கேரளத்தின் முதல் படம் அதுதான். திருவனந்தபுரம் காப்பிட்டால் தியேட்டரில் வெளியிடப்பட்டது. ஆண்டு 1928 என்று ஒரு கணக்கும் 1930 என்று இன்னொரு கணக்கும் ஆய்வாளரிடையே உண்டு.

கதை எளிமையானது. திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனை ஒரு துஷ்டன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான். பையன் வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து மேற்பார்வையாளன் ஆகிறான். சீமைக்குப் போகிற வழியில் இலங்கையில் இறங்கிய ஜெயச்சந்திரன் என்ற தூரத்து உறவுக்காரன், யாரென்று தெரியாமலே அவனோடு நண்பனாகிறான். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். ஊரில் ஜெயச்சந்திரனுக்கும், தொலைந்த பையனின் தங்கை சரோஜினிக்கும் காதல் மலர்கிறது. துஷ்டன் மறுபடி வருகிறான்; தோற்கிறான். உடம்பிலிருந்த வடு அண்ணனை அடையாளம் காட்டுகிறது. குடும்பம் ஒன்று சேர்கிறது.

இந்தக் கதையில் பொருந்தாதது ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை. நாயர் குடும்பத்துப் பெண், உறவுக்காரப் பையன், பணத்துக்குப் பணம், குலத்துக்குக் குலம். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தேவதாஸ் போல அந்தஸ்துச் சண்டை இல்லை. அனார்கலி போல அரண்மனை எதிர்ப்பு இல்லை. இதைவிடச் சாதுவான காதல் கதையைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஆனாலும் தியேட்டரில் கல் பறந்தது.

கல் விழுந்தது எதன் மேல்?

சரோஜினி வேஷத்துக்குப் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார் டானியல். ஒத்துவரவில்லை. கடைசியில் ஊரிலேயே ஒரு பெண் கிடைத்தார். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். புல்லறுத்துப் பிழைத்த குடும்பம். புலையர் சமூகத்தவர். பி.கே. ரோசி என்பது திரையில் அவர் பெயர்.

படம் திறந்து வைக்கப்பட்ட நாளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசிக்கு இடமில்லை. அவர் உள்ளே இருந்தால் தாங்கள் உட்கார மாட்டோம் என்று பெரியவர்கள் சொன்னதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். விளக்கு அணைந்தது. நாயர் பெண்ணாக, நல்ல உடை உடுத்து, புலையர் வீட்டுப் பெண் திரையில் வந்தார். கதாநாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்தது. அவ்வளவுதான்! கூச்சல் எழுந்தது. திரை மேல் கல் விழுந்தது. பிறகு ரோசியின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அது ஊமைப் படம். பேச்சு இல்லை. பேச்சை வைத்து ஜாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அங்கே அந்தப் பேச்சே கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாக ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பூ. திரையில் தெரிந்தது இவ்வளவே. திரையில் ஜாதி எங்கே இருந்தது? காமிராவுக்கு ஜாதி தெரியாது. பிலிமில் ஜாதி பதியாது. அதைக் கண்டவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், மடியில் கல்லைக் கொண்டுவந்தது போல.

அந்தக் கல்லின் வரலாறு நீளமானது. திருவிதாங்கூரில் யார் என்ன உடுத்தலாம் என்பதற்கே சட்டம் இருந்தது. டானியல் பிறந்த நாடார் சமூகத்துப் பெண்கள் மாராப்புப் போடும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினார்கள். அடி வாங்கினார்கள். 1859-இல்தான் சமஸ்தானம் இறங்கி வந்தது. புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலையைத்தான் அணிய வேண்டும் என்றிருந்த வழக்கத்தை 1915-இல் பெரினாட்டில் அறுத்தெறிந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தந்த அய்யங்காளி, 1893-இல் வில்வண்டி ஏறி ராஜபாட்டையில் போனதற்கே ரகளை நடந்தது. புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றபோது, வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளை வேலை நிறுத்தம் செய்யவைத்தவரும் அவரே. 1924-25-இல் வைக்கம் தெருவில் நடக்கும் உரிமைக்குச் சத்தியாகிரகம் நடந்தது. நம் பெரியார் ஈ.வெ.ரா. அங்கே சிறை சென்றார். கோயில் கதவு 1936 நவம்பரில்தான் திறந்தது.

ஆகவே காப்பிட்டால் தியேட்டரில் கல்லெறிந்தவனுக்குக் கலை தெரியாது, சினிமா புதிது, குழம்பிப்போனான் என்று சமாதானம் சொல்வது வீண். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வயலில் நிற்க வேண்டியவள் வீட்டுக்காரி வேஷத்தில் வந்தால், நாளைக்கு வேஷம் கலையாமலே போய்விடும் என்று அவன் பயந்தான். கூலிக்காரி கூலிக்காரியாகவே இருந்தால்தான் அவன் நிலம் விளையும். காதலின் மேல் அவனுக்குக் கோபமில்லை. தன் சொத்துக்கும் அந்தஸ்துக்கும் போட்டிருந்த வேலியின் மேல் அந்தப் பூ விழுந்துவிட்டது. அதுதான் கோபம்.

இது திருவனந்தபுரத்தோடு நின்ற விஷயமும் அல்ல. 1919-இல் அமெரிக்காவில் கிரிபித் என்ற பிரபல டைரக்டர், லண்டன் சேரியில் ஒரு சீனனுக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமிக்கும் ஏற்படும் அன்பைப் படமாக்கினார். 'உடைந்த மலர்கள்' என்பது அதன் பெயர். உலகமே புகழ்ந்தது. ஆனால் அந்தச் சீனனாக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். கதையில் காதலர் இருவரும் செத்துவிடுகிறார்கள். சீனன் வேஷம் வெள்ளைக்காரனுக்கு, காதலுக்குச் சாவு. இந்த இரண்டு நிபந்தனைகளோடுதான் அனுமதி. அன்று அமெரிக்காவின் பல மாகாணங்களில் நிறம் மாறிக் கலியாணம் செய்வது குற்றம். அந்தச் சட்டங்களை அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1967-இல்தான் முற்றாகச் செல்லாததாக்கியது. அங்கே நிறம், இங்கே ஜாதி. வேலி போட்டவன் நோக்கம் ஒன்றே.

ரோசி என்ன ஆனார்? ஊரைவிட்டு லாரி ஏறி ஓடினார். நாகர்கோவில் பக்கம் வந்து, லாரி ஓட்டிய கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாழ்ந்து மறைந்தார். அவர் கணவர் நாயர். திரையில் அரைமணி நேரம் நாயர் பெண்ணாக வந்ததற்குக் கல்லெறிந்தார்கள். நிஜ வாழ்க்கையில் நாயர் வீட்டு மருமகளாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். வானம் இடிந்து விழவில்லை, பூமி பிளக்கவில்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை? பெயரைக் கொடுத்தார். பிறப்பைக் கொடுத்தார். நடிப்பைக் கொடுத்தார். நாட்டின் முதல் நடிகைகளில் ஒருவர் என்று பிள்ளைகளிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாத வாழ்க்கை.

டானியல் நொடித்துப்போய், வறுமையில், 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். படச்சுருள் எரிந்து போயிற்று. பின்னாளில் கேரள அரசு அவர் பெயரில் ஒரு பெரிய விருதை 1992-இல் ஏற்படுத்தியது. 2013-இல் இருவர் கதையும் 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படமாக வந்தது. சென்னையில் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் செத்த பிறகு போடும் மாலையைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம்.

நாடகமும் நிஜமும்

படம் எரிந்துபோயிற்று. கல்லெறிந்த கூட்டம் எரிந்துபோகவில்லை. அது இடம் மாறியிருக்கிறது, பேச்சு மாறியிருக்கிறது.

2012-ஐ ஒட்டி நம் தமிழ்நாட்டில் ஒரு புதுச் சொல்லை ஜாதித் தலைவர்கள் மேடைதோறும் பரப்பினார்கள்: "நாடகக் காதல்." தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர்கள் சொத்துக்காகக் காதல் நாடகம் ஆடுகிறார்கள் என்பது இதன் பொருளாம்! அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி ஜில்லாவில் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் கலியாணம்தான் சாக்கு. நூற்றுக்கணக்கான வீடுகள் நாசமாயின. அந்தக் கலியாணத்து மணமகன் இளவரசன் 2013 ஜூலையில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான்.

தோழர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று திருவனந்தபுரத்தில் நாடகத்தை நிஜமென்று எடுத்துக்கொண்டு கல்லெறிந்தார்கள். இன்று நிஜத்தை நாடகமென்று சொல்லி வெட்டுகிறார்கள். வேஷத்தையும் பொறுக்க முடியவில்லை, வாழ்க்கையையும் பொறுக்க முடியவில்லை என்றால், அவர்களுக்குப் பொறுக்காதது எது? அந்தப் பெண்ணும் அந்தப் பையனும் சமமாக நிற்பதுதான்.

பொருத்தம் என்றால் படிப்பும் சம்பளமும் என்று சிலர் நாகரிகமாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். 2025 ஜூலை 27-இல் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட வாலிபர் மென்பொருள் பொறியாளர். படிப்பு இருந்தது. நல்ல சம்பளம் இருந்தது. எது குறைந்தது? பிறந்த ஜாதி ஒன்றுதான் குறை. ஆகவே பொருத்தம், படிப்பு, அந்தஸ்து என்பதெல்லாம் போர்வை. போர்வையை விலக்கினால் அரிவாள்.

நம் ஊர் வாசலில்

நம் திருப்பூர் மாவட்டத்துக்கு வருவோம். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பஸ் நிலையம் அருகே ஜனங்கள் பார்த்திருக்க, பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யா வெட்டுக் காயத்தோடு பிழைத்து, சொந்தப் பெற்றோருக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தகப்பனார் உள்ளிட்ட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தகப்பனாரை விடுதலை செய்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

2024 ஜனவரி, பல்லடம். சாமளாபுரத்துக்குத் தாலுகா தலைநகர் அதுதான். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த இருவர், பத்தொன்பது வயதினர், முந்திய ஆண்டின் கடைசி நாளில் கலியாணம் செய்துகொண்டார்கள். பையன் தாழ்த்தப்பட்ட வகுப்பு. புகார் வந்தது. பல்லடம் போலீஸ் அந்தப் பெண்ணைத் தகப்பனாரோடு அனுப்பிவைத்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் உயிரோடு இல்லை. கொன்று எரித்ததாகப் பெற்றோர் மீது வழக்கு. இன்ஸ்பெக்டர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். சட்டப்படி வயது வந்த ஒரு பெண், சுய புத்தியோடு செய்துகொண்ட கலியாணம்; காவல் நிலையம்வரை வந்த உயிரைக் காவல் நிலையமே கைமாற்றிவிட்டது.

இந்த மண்ணுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆண்களும் பெண்களும் பிழைக்க வருகிறார்கள். சாமளாபுரம், சோமனூர், மங்கலம் என்று நொய்யல் ஓரம் நெடுகத் தறிச்சத்தம். திருப்பூரைச் சுற்றி பனியன் கம்பெனி. தென் ஜில்லாக்காரர், டெல்டாக்காரர், ஒரிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். ஒரே குடோனில் ஒருவர் பாவு பிணைக்க, இன்னொருவர் தார் மாற்றுகிறார். தறி நின்றுபோனால் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்யும் இளம் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புவார்கள். இது இயற்கை. இதில் நாடகம் எங்கே இருக்கிறது?

இங்கே முதலாளியின் சாமர்த்தியத்தையும் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவனுக்கு ஜாதிக் கலப்பு இனிக்கிறது. மலிவாகக் கை கிடைக்கிறது. நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏழைப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கி, கடைசியில் கலியாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுப்பதாகப் பேச்சு. பெயரைப் பாருங்கள், சுமங்கலி! அவள் உழைப்பும் அவர்களுக்கு. அவள் கலியாணமும் அவர்கள் கணக்கில். ஆனால் அந்தப் பெண் தானாக ஒருவனை விரும்பினால் அது பொருந்தாத காதல்!

சொத்துக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. பைபாசும் மில்லும் வந்த இடத்தில் காட்டின் விலை ஏறிக் கிடக்கிறது. பெண் யாரை மணப்பாள் என்பது, அந்தப் பங்கு எந்த வீட்டுக்குப் போகும் என்ற கேள்வியும் ஆகிவிட்டது. சொத்துடைய வர்க்கத்தில் கலியாணம் சொத்தின் ஏற்பாடு என்பதையும், சொத்துக் கணக்கு ஒழிந்த இடத்தில்தான் காதல் கலியாணம் உண்மையில் நடக்க முடியும் என்பதையும் ஏங்கல்ஸ் 1884-லேயே விளக்கிவிட்டார்.

ஆனால் ஒரு சென்ட் நிலமில்லாத தறிக்காரன் வீட்டிலும் இந்தக் கல் இருக்கிறதே, அது ஏன்? ஜாதி அவனுக்குச் சோறு போடவில்லை, கூலியை உயர்த்தவில்லை. "உனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான்" என்ற ஒரு பொய்யை மட்டும் கொடுத்திருக்கிறது. எதுவுமில்லாதவன் அந்தப் பொய்யையே சொத்தாக நினைத்துக் காவல் காக்கிறான். அவன் காவல் காப்பது உண்மையில் தன் எஜமானின் வேலியை.

இரண்டு ஆட்சேபங்கள்

பெற்றவர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்று. "பெண் ஏமாந்துவிடக் கூடாதே" என்கிறார்கள். இது நியாயமான கவலை. நாம் கேலி செய்ய மாட்டோம். பையனுக்கு வேலை உண்டா, குடி உண்டா, முன்பே கலியாணமானவனா என்று விசாரியுங்கள். ஏமாற்றுகிறவன் எந்த ஜாதியிலும் உண்டு. அவனுக்குச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. ஆனால் ஒரு நேர்மையான சோதனையைச் செய்து பாருங்கள். அதே பையன், அதே வேலை, அதே குணம், உங்கள் ஜாதியில் பிறந்திருந்தால் சம்மதிப்பீர்களா? சம்மதிப்போம் என்றால், நீங்கள் பார்ப்பது மகளின் நலத்தை அல்ல. "நாங்க ஒத்துக்குவமுங்க தோழர், ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமுங்களா?" என்று கேட்கும் தறிக்காரர்கள் பலர். ஊர் என்பது யார், அண்ணா? உங்களைப் போல, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்தான் ஊர். நாலு பேர் வாய் திறந்தால் ஊர் மாறிவிடும்.

இன்னொரு ஆட்சேபம் நம் சங்கத் தோழர்கள் சிலருடையது. "முதலில் கூலி, இதெல்லாம் வீட்டு விவகாரம்" என்பது. கூலிக்காக 2025-இல் சோமனூர், பல்லடம் வட்டாரமெங்கும் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. உண்ணாவிரதப் பந்தலில் யாரும் யாருடைய ஜாதியையும் கேட்கவில்லை. அந்த ஒற்றுமைதான் நம் ஆயுதம். ஆனால் பந்தலில் தோளோடு தோள் உட்கார்ந்தவன் வீட்டுப் பிள்ளை, நம் வீட்டு வாசற்படி ஏறினால் நமக்குக் கை நடுங்குமானால், அந்த ஒற்றுமையை எதிராளி எப்போது வேண்டுமானாலும் உடைத்துவிடுவான். ஜாதிச் சங்கத்துக்காரன் ஒரு நோட்டீஸ் அச்சடித்தால் போதும். வீட்டில் தோற்றவன் வீதியில் ஜெயிக்க முடியாது.

செய்ய வேண்டியது

கௌரவக் கொலை என்ற பெயரே தவறு. கொலையில் கௌரவம் ஏது? இந்த ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை. சட்டக் கமிஷன் 2012-லேயே மசோதா வரைந்து கொடுத்தது. சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச்சில், மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உத்தரவிட்டது. ராஜஸ்தான் சட்டசபை 2019-இல் மசோதாவை நிறைவேற்றியது. தமிழக சர்க்கார் 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் கமிஷன் அறிவித்தது. கமிஷன் சட்டமாகாது. கொலைக்குப் பின் தண்டிப்பது மட்டும் போதவும் போதாது. மிரட்டல், கடத்தல், ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் குற்றமாக வேண்டும். அடைக்கலம் தேடி வந்தவரைக் கைமாற்றும் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தில், முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி ஊருக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு ஒழிய வேண்டும். அரிவாளுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கும் வேலை சர்க்காருக்கு எதற்கு?

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் முடியாது. 2024 ஜூனில் திருநெல்வேலியில் ஒரு ஜாதி மறுப்புக் கலியாணத்துக்குத் துணை நின்றதற்காக மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். கண்ணாடி நொறுங்கியது. கதவு மூடப்படவில்லை. காப்பிட்டால் தியேட்டரில் விழுந்த அதே கல்தான் அந்தக் கண்ணாடியிலும் விழுந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று ரோசி தனியாக ஓடினார். பின்னால் நிற்க ஒரு சங்கம் இல்லை, ஒரு கொடி இல்லை. லாரி ஒன்றுதான் துணை. இன்று அப்படி யாரும் தனியாக ஓட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு தறிப் பகுதியிலும், ஒவ்வொரு பனியன் கம்பெனி வட்டாரத்திலும், சங்க அலுவலகக் கதவு இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். போலீஸ் நிலையத்துக்குத் துணையாகப் போக நாலு பேர், ஒரு வக்கீல், இரண்டு நாள் தங்க ஓர் இடம்; இவ்வளவு ஏற்பாடு செய்ய எந்தக் கிளையாலும் முடியும். தோழர்கள் தங்கள் வீட்டுக் கலியாணங்களில் ஜாதியைப் பார்க்காமல் இருப்பது, மேடையில் பத்துப் பிரசங்கம் செய்வதற்குச் சமம். மாதர் சங்கம் விடுதிப் பெண்களைச் சந்திக்க வேண்டும். அவர்கள் வாயால் அவர்கள் கஷ்டம் வெளிவர வேண்டும்.

தினசரிகளுக்கும் ஒரு வார்த்தை. "பொருந்தாத காதல்" என்ற சொல்லை இனி அச்சுக் கோக்காதீர்கள். இரண்டு மனம் பொருந்திய இடத்தில் பொருந்தாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: மனிதனை மனிதன் மிதிக்கும் இந்த ஏற்பாடு. மாற வேண்டியது அந்தப் பிள்ளைகள் அல்ல. இந்த ஏற்பாடு மாற வேண்டும். மாற்றுவோம்!